நான்தாம்மா!

"என் ஷேவிங் கண்ணாடியை யாருடா உடைச்சது?" குளியலறையிலிருந்து அப்பா கத்தினார்.

மூன்று பையன்களும் ஓடிவந்து அம்மா முன்னால் நின்றார்கள்.

"நான்தாம்மா. பந்து பட்டுருச்சு" என்றான் பெரியவன்.

"பொய்மா! உடைச்சது நான்" என்றான் இரண்டாமவன்.

சின்னவன் இருவரையும் இடித்துத் தள்ளினான். "நான்தான் முதல்ல உடைச்சேன்!"

அம்மாவுக்குத் தலை சுற்றியது. பால் சிந்தினாலே 'நானில்ல, அவன்தான்' என்று கை நீட்டுகிற பிள்ளைகள்.

"உனக்கு அது எட்டவே எட்டாதேடா!"

"எகிறிக் குதிச்சேன்மா."

"என்னங்கடா ஆச்சு உங்களுக்கு?"

பெரியவன் நெளிந்தான். "தப்பை ஒத்துக்கிட்டா அடி கிடையாது, ஐஸ்கிரீம்தான்னு அப்பா நேத்து சொன்னாரும்மா."

முகமெல்லாம் நுரையோடு அப்பா எட்டிப் பார்த்தார். "சொன்னா சொன்னதுதான். மூணு பேருக்கும் ஐஸ்கிரீம்!"

வீடே அதிரும்படி பையன்கள் குதித்தார்கள்.

"நாலா வாங்குங்க" என்றாள் அம்மா மெதுவாக.

"நாலாவது யாருக்கு?"

"எனக்குத்தாங்க. காலையில துடைக்கறப்ப கை தவறிடுச்சு."