வெள்ளைக்குட்டி

மரியசெல்வம் வளர்த்த கிங் ஸ்நேக் என்னும் விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு இட்ட முட்டைகளில் ஒன்றிலிருந்து மட்டும் வெள்ளைக்குட்டி வந்தது. அந்த இனம் பாம்பையே தின்னும் என்பதால் குட்டிகளைத் தனித்தனி டப்பாக்களில் வைத்திருந்தார். கறுப்புக்குட்டிகள் எலிக்குஞ்சைத் தின்றன. வெள்ளை முகர்ந்துகூடப் பார்க்காமல் நூலாக இளைத்தது.

"விட்ருங்க, அது பொழைக்காது" என்றாள் மனைவி பிலோமினா.

"இத்தன வருசம் இதுக்குத்தான காத்திருந்தேன்?"

அவர் ஒரு கறுப்புக்குட்டியை எடுத்து வெள்ளையின் டப்பாவில் விட்டார். அது வெள்ளையின் மேல் ஏறிச் சுருண்டு படுக்கப் பார்த்தது. வெள்ளை அதன் தலையைக் கவ்வியது. வெளியே வால் வெகுநேரம் துடித்தது. பிலோமினா எழுந்து போய்விட்டாள்.

அதன்பின் வெள்ளை எலியைத் தொடவே இல்லை. டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கொடுக்க இனி எதுவும் இல்லை என்றானபோது, அதை விற்க ஆள் பார்த்தார்.

"என்ன சாப்பிடும் சார்?" என்றார் வாங்க வந்தவர்.

"எலிக்குஞ்சுதான். வீட்ல வேற பாம்பு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. என் பொண்ணு உசுரா வளக்குறா. எந்நேரமும் கையில சுத்திக்கிட்டுத் திரிவா."

"பெருசா?"

"குட்டிதான் சார்."

மரியசெல்வம் வெள்ளையின் தலையை விரலால் தடவிக்கொடுத்தார்.

"அப்ப ரெண்டையும் ஒரே பெட்டியில விடுங்க. தொணையா இருக்கும்."