பச்சை ஜன்னல்

ஊரில் இத்தனை சாப்பாட்டுக்கடை இருக்க, சுதந்திர தினமும் அதுவுமாகத் தம்பி எதற்காக இந்தக் கடைக்குக் கூப்பிட்டான்?

வந்து உட்கார்ந்ததிலிருந்து பெரியவளுக்கு இதே குடைச்சல்.

அவளுக்கு வேலை வேறு ஊர் விமான நிலையத்தில், சுங்கப் பிரிவில். பெட்டியைத் திறக்கச் சொன்னதும் யார் கண் எங்கே ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகியவள். தம்பியின் கண் இப்போது நிமிடத்துக்கொரு தரம் கூரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா தன் பாட்டுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பாலில் தோய்த்துக்கொண்டிருந்தாள். தங்கை இன்னும் வந்து சேரவில்லை. ஊர்வலத்துக்காகத் தெருவை அடைத்துவிட்டார்களாம், நடந்து வருகிறேன் என்று போன் செய்திருந்தாள்.

இந்தக் கடை பெரியவளுடைய சொத்து. பத்திரம்தான் கிடையாது.

சின்ன வயதில், இதே மாதிரி ஒரு சுதந்திர தினத்தன்று, அப்பா அவளை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார். மாடியில் பச்சை ஜன்னலை ஒட்டிய மேசை. கீழே பேண்டு வாத்தியம், குதிரைகள், எள் போட்டால் விழாத கூட்டம். அப்பா பாலை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தார். திரும்பும்போது அவள் தோளிலேயே தூங்கிவிட்டாள். விடிந்து பார்த்தால் கையில் ஒரு காகிதக் கொடி.

மற்றதுகளிடம் மூச்சு விடாதே, அப்புறம் அதுகளும் கேட்கும் என்று சொல்லி வைத்திருந்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவள் மூச்சு விடவில்லை.

தம்பிக்கு மட்டும் சைக்கிள் வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. தங்கையை மட்டும் மேலே படிக்க வைத்தபோதும் திறக்கவில்லை. போகட்டும், பாவம், இதுகளை அப்பா எங்கே கூட்டிக்கொண்டு போனார் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள்.

அப்பா பஸ் டிரைவர். வேறு ஊருக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு போனதற்கப்புறம் யாரும் இந்த நகரத்துப் பக்கம் வரவில்லை. இப்போது தம்பிக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. வந்த கையோடு எத்தனையோ கடைகளை விட்டுவிட்டு இதைத் தேடிப் பிடித்திருக்கிறான். சும்மாவா?

"இந்தக் கடையைப் பத்தி உனக்கு யாருடா சொன்னா?"

தம்பி திருதிருவென்று முழித்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"கோவிச்சுக்காதக்கா. அப்பா என்னை மட்டும் ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்தாரு. மாடியில, பச்சை ஜன்னல் பக்கம் உக்காந்து ஊர்வலம் பார்த்தோம்."

அடப்பாவி, எங்கேயோ மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து அளக்கிறான்.

மடக்கி மடக்கிக் கேட்டாள். என்ன குடித்தாய்? பால். யார் ஆற்றியது? அப்பா ஊதி ஊதி ஆற்றினார். திரும்பி வந்தது? தோளில் தூங்கிக்கொண்டே. கையில்? காகிதக் கொடி.

பொய் சொல்கிறவன் எங்கேயாவது ஓரிடத்தில் தடுமாறுவான். இவன் தடுமாறவே இல்லை. அப்படியானால் பொய் சொன்னது அப்பா.

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. அந்த மேசையையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். எழுந்து போய்க் கல்லாவில் இருந்த கடைக்காரப் பெண்மணியிடம் மாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டாள்.

"மாடியில என்னைக்கும்மா சாப்பாடு போட்டோம்? எங்க மாமனார் காலத்துலேர்ந்து மேல அச்சாபீஸ்தான். அதுக்குப் படியே பின்பக்கத் தெருவுல இருக்கு."

பெரியவள் திரும்பி வந்தாள். தம்பிக்கும் அது காதில் விழுந்திருந்தது. அம்மா மட்டும் நிமிரவில்லை. பாலில் தோய்த்த ரொட்டி அவள் விரலிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

இத்தனை நேரம் தப்பான ஆளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னை ஏன்டி அப்படிப் பார்க்குற?" என்றாள் அம்மா. "சுதந்திர தினத்துல உங்கப்பாவுக்கு ஒரு தடவைகூட லீவு கிடைச்சதில்ல. அவரே இதுக்குள்ள வந்ததில்ல. கூட்டத்துல பஸ்ஸு நகராம நிக்கும்போது டிரைவர் சீட்டுலேர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்திருக்காரு, அவ்வளவுதான். நீங்க ஊர்வலத்துக்குப் போகணும்னு அழுதுட்டே தூங்கியிருப்பீங்க. வந்து பக்கத்துல உக்காந்து, தூக்கக் கலக்கத்துல இருக்கிற பிள்ளைகிட்ட, போயிட்டு வந்தோமே, ஞாபகமில்லையான்னு ஆரம்பிச்சிடுவாரு. பஸ்ஸுல யாரோ போட்டுட்டுப் போன கொடி ஒண்ணைக் கையில சொருகிடுவாரு."

தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

பெரியவளுக்குக் கோபம் வந்தது. பச்சைப் பிள்ளையை இப்படியா ஏமாற்றுவார்கள்? அந்தக் கோபம் பாதி வழியிலேயே அழுகையாகிவிட்டது. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டிய மனுஷன், இந்தக் கடையில் ஒரு வாய் பால்கூடக் குடித்ததில்லை.

அப்போது வாசலில் தங்கை வந்து நின்றாள். வேர்த்து விறுவிறுத்திருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு பூரிப்பு, யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கிற பூரிப்பு. பெரியவள் கண்ணுக்கு அது தப்புமா? சின்னவளின் பார்வை மேசைகளைத் தாண்டி மூலை மூலையாகப் போனது. மாடிப்படியைத் தேடுகிறாள்.

"ஏன் எல்லாரும் கீழயே உக்காந்துட்டீங்க?" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தம்பி வாயைத் திறந்தான். பெரியவள் மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"மாடியில இடமே இல்லையாம்டி. வா, இங்க வந்து உக்காரு."