தலைவரின் மூன்று பூச்சு

மார்ஷ்விக் பாய்ப்படகுச் சங்கத்தார் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், சனிக்கிழமைப் பந்தயக் கோப்பையை வெல்லும்பொருட்டு, தலைவர் ரூபர்ட் பென்ரோஸ் தமது படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாத சாயத்தைத் தமது திருக்கரத்தாலேயே பூசவிருக்கிறார்.

கரையேற்றிய படகுகள் எல்லாம் ஒரே அச்சு. குளிர்கால உறையைப் பாதி உடம்புவரை போர்த்திக்கொண்டு நின்றன. தலைவர் முகமூடி மாட்டி, அடியில் மல்லாந்து கிடந்து, சுரண்டித் தேய்த்து, இரண்டு பூச்சு முடித்தார்.

பந்தயத்தில் எப்போதும் அவருக்குப் போட்டியான ஹெஸ்டர் தினமும் தேநீரோடு வந்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு தலைவரே. மூணாவது பூச்சும் உண்டா?"

"பின்னே? பக்கத்துல உன் படகப் பாரும்மா, ஒரு முழத்துக்குத் தாடி. இத வச்சுக்கிட்டு பந்தயத்துக்கு வந்தா மீனெல்லாம் சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போகட்டும். பிஸ்கட் எடுத்துக்குங்க. அந்த மூலையில மட்டும் கொஞ்சம் மெலிசா இருக்கோ?"

அங்கேயும் பூசினார்.

சனிக்கிழமை காலை கிரேன் வந்தது. உறையை உருவினார்கள். படகின் பின்பக்கம் எழுதியிருந்த பெயரைத் தலைவர் இரண்டு முறை படித்தார்.

குளிர்காலத்தில் படகுகளை இடம் மாற்றி நிறுத்தியதை ஹெஸ்டர் மட்டும் கவனித்திருந்தார்.

மூன்று பூச்சும் ஏறியது ஹெஸ்டரின் படகில்.