மணிக்கு முன் வரும் கரகரப்பு

புது செல்போனை எப்படிப் பயன்படுத்துவது என்று மனைவிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பேசும்போது ஆன்டெனாவை முழுதாக இழுத்துவிட வேண்டும். பேட்டரி தீர்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும். ரேடியோ பக்கத்தில் வைக்கக் கூடாது. அழைப்பு வரும்போது போன் முதலில் டவரோடு பேசும், அதனால் மணியடிக்கும் முன்பே ரேடியோ கரகரக்கும்.

“போதும் வாத்தியாரே, மீதியை நாளைக்கு நடத்துங்க” என்று சிரித்தாள்.

சில வாரங்களாகப் பேட்டரி சீக்கிரமே தீர்ந்தது. “நான் தொடவே இல்லைங்க” என்றாள். நம்பினேன். கோளாறு பேட்டரியில்தான் என்று இன்று மாலை அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் என் மடியில் கிடந்தது. வீட்டில் வேறு போன் கிடையாது.

பாடிக்கொண்டிருந்த ரேடியோ கரகரத்தது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

“ம், சொல்லு” என்றாள், என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில். “சனிக்கிழமை பெட்டியோட வந்துடறேன். அவரா? பாவம், உக்காந்து பேட்டரி துடைச்சிட்டிருக்காரு.”

எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளிலும் சோப்பு நுரை. எதையோ காதோடு இடுக்கியிருப்பதுபோல் தலையைத் தோளில் சாய்த்திருந்தாள். அங்கே எதுவும் இல்லை.

“சரி, வெச்சிடறேன்” என்று தலையை நிமிர்த்தினாள்.

ரேடியோவில் பாட்டு தெளிவாகக் கேட்டது.