படிகமும் செம்புத்தாதுவும்

ஒரு பாறைத் துண்டுக்குள் படிகமும் செம்புத்தாதுவும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சுரங்கத்தில் வெடி வைத்துப் பார்த்தார்கள். பிறகு சம்மட்டியால் அடித்தார்கள். இரண்டும் பிரியவில்லை.

"நம்மை யாராலும் பிரிக்க முடியாது" என்றது படிகம். செம்புத்தாதுவும் ஆமாம் என்றது.

கடைசியில் துண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பொறியாளர் நூர்ஜஹான் அதை மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் செம்புத்தாது, "எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது" என்றது.

அடுப்பின் அலைகள் படிகத்துக்குள் புகுந்து அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தன. அதற்குச் சூடே தெரியவில்லை.

"இங்கே நெருப்பே இல்லையே. உனக்கு மட்டும் எப்படிச் சுடும்?"

"எப்படியென்று தெரியவில்லை. ஆனால் சுடுகிறது, உடம்பு வீங்குகிறது. கொஞ்சம் நகர்ந்துகொள்ளேன்."

"வெடிக்கே அசையாதவர்கள் நாம். இதற்குப் போய் நகர்வதா? பேசாமல் இரு, சரியாகிவிடும்."

செம்புத்தாது இன்னும் வீங்கியது.

இரண்டும் சேர்ந்திருந்த இடத்தில் மெல்லிய விரிசல் ஓடியது. நூர்ஜஹான் துண்டை இடுக்கியால் வெளியே எடுத்து, சின்னச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். செம்புத்தாது கழன்று விழுந்தது. அதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மேசையில் தனியாகக் கிடந்த படிகத்தின் விலாவில் ஒரு பள்ளம் இருந்தது. செம்புத்தாது இத்தனை காலம் ஒட்டியிருந்த இடம் அது. அந்த இடம் மட்டும் சுட்டது.

"இவ்வளவு சூடா?" என்று படிகம் கேட்டது.

பதில் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.