கோசா சாருக்கு ஒரு பொன்னாடை

கல்லூரி வாசலில் பேனரைப் பிரித்ததும் பொருளியல் துறை பானுமதி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது.

அவர் கேட்டது கருத்தரங்குக்கான பேனர். லூயிஜி கோசா, இத்தாலியப் பொருளியல் பேராசிரியர், 1831–1896. கருப்பு வெள்ளைப் படம், தாடி, கீழே இரண்டு வருடங்கள். பாலக்கோட்டில் எந்த பிளெக்ஸ் கடையில் இதைக் கொடுத்தாலும் கண்ணீர் அஞ்சலிதான் வரும்.

டிசைன் செய்தது எங்கள் கடை கலைமணி. இரவு ஷிப்டில் அச்சடித்தது நான். படித்துப் பார்ப்பது என் வேலையில்லை.

"ஏன்டா, அந்தாளு செத்து நூத்தி முப்பது வருசமாச்சு. இப்ப எதுக்குடா அழுவறீங்க?" என்றார் மேடம்.

மாற்ற நேரமில்லை. தாளாளர் வந்துகொண்டிருந்தார். இந்த வருடம் பொருளியலில் ஒருவரும் சேரவில்லை. இன்று அரங்கில் ஆள் இல்லையென்றால் துறையை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

பேனரை அரங்க மேடையில் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அரங்கம் நிறைந்துவிட்டது. பழைய சார் யாரோ இறந்துவிட்டார், கூட்டம் முடிந்ததும் அரை நாள் லீவு என்று பேச்சு பரவியிருந்தது. வருடத்தை யாரும் படிக்கவில்லை. வாட்ச்மேன் பச்சியப்பன் சாமந்தி மாலை வாங்கி வந்து படத்துக்குப் போட்டார்.

மேடம் பேசினார். கோசா சாகும்வரை ஒரே ஊரில் பாடம் நடத்தினார். அவரிடம் படித்தவர்கள் இத்தாலியின் பல ஊர்களில் பொருளியல் நடத்தினார்கள். மாணவர்கள் தலை குனிந்து கேட்டார்கள். லீவுக்காகத்தான்.

தாளாளர் தாமதமாக வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார். டிரைவர் ஓடிப்போய்ப் பொன்னாடை எடுத்து வந்தான். அவர் காரில் எப்போதும் ஒன்று இருக்கும்.

"இத்தன புள்ளைங்க வந்திருக்குதுன்னா பெரிய மனுசருதானுங்க. அவரு வூட்டு ஆளுங்க யாராச்சும் இருந்தா மேடைக்கு வாங்க. இந்தத் துறைய மூட மாட்டேன்னு அவங்க முன்னாடி வாக்கு குடுத்துட்டுப் போறேன்" என்றார் மைக்கில்.

யாரும் எழவில்லை. பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

மேடம் கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

போன வருடம் அவர் வகுப்பில் சேர்ந்தது நான் ஒருவன்தான். தீபாவளிக்குப் பிறகு நானும் போகவில்லை.

எழுந்து போய்த் தோளைக் காட்டினேன்.