எல்லாவற்றுக்கும் ‘வேண்டும்’

நாளைக் காலைக்குள் அவன் கம்பைலர் என்ற ஒரு மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து கம்ப்யூட்டரில் உருவாக்கி அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இன்று நாலு மணிக்கு அவனுடைய அக்கா தன் வீட்டில் பாடுகிறாள். போகாவிட்டால் ஒரு வருஷத்துக்குப் பேசமாட்டாள்.

ஆகவே, எதையெல்லாம் சேர்ப்பது என்று திரை கேட்கக் கேட்க, தேவையில்லாததற்கெல்லாம் ‘வேண்டாம்’ போட்டுக்கொண்டே வந்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மனைவி பின்னால் வந்து திரையைப் பார்த்தாள்.

“டெஸ்ட் வேண்டாமா? சரியா இருக்கான்னு பாக்காமலா அனுப்புவீங்க?”

“நேரமாகும்மா.”

“ஆகட்டுமே. நாளைக்கு யாராவது குறை சொன்னா?”

‘வேண்டும்’ போட்டான்.

“கையேடு?”

“அதை யாரு படிக்கிறா?”

“எழுதினவங்க மனசு நோகாதா? போடுங்க. இதென்ன, எட்டு வகை மெஷின்ல ஒண்ணுக்குத்தான் டிக்? மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?”

ஏழு வருஷத்தில் இன்றுதான் அவன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறாள். நெகிழ்ந்துபோய் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டான்.

“முடிய ராத்திரி ஒன்பது மணி ஆகும். நான் பக்கத்துலயே இருக்கணும்.”

“அடடா!” என்று அவள் உள்ளே போனாள். போன் பேசுவது கேட்டது.

“அண்ணி, நான் கிளம்பி ரெடியாத்தான் நின்னேன். உங்க தம்பிதான் கம்ப்யூட்டரை விட்டு அசையமாட்டேங்கிறார். உங்க பாட்டைக் கேக்க எனக்குக் குடுத்துவைக்கலை… என்னது? நாளைக்கு எங்களுக்காக மறுபடியும் பாடுறீங்களா?”

போனைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஏங்க, இன்னும் ஏதாவது ‘வேண்டாம்’ பாக்கி இருக்கா?”